அறிவு ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம்



மருதமுனையிலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் போடவில்லை. 1990 ஆம் ஆண்டு வியாபாரத்துக்காக மட்டக்களப்புப் பக்கம் போன அவருடைய கணவர் திரும்பி வரவில்லை. அந்த வருடத்தின் நடுப்பகுதியில் அந்த வீதியால் போன பலர் வீடு வந்து சேரவில்லை என்பது எமக்கெல்லாம் தெரிந்த விடயம். அதே காலத்தில் கல்முனைப் பகுதியிலேயே தமிழ்ச் சகோதரிகளின் வீடுகளிலிருந்து கூட்டிச் செல்லப்பட்ட ஆண்களும் வரவில்லை. அவர்களுடைய உம்மாமாரும் அம்மாமாரும் ஒரே அலுவலக வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கடிதத்துக்கு வருகிறேன். அந்தச் சகோதரி தறியில் நெய்து மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டார். இப்போது பேத்திக்குக் கலியாணம் பேசுகிறார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி பொம்புளைப் புள்ளைக்கு வீடு வேண்டும். வீடு கட்டக் காசு வேண்டும். இருப்பதோ கணவரின் பெயரில் உள்ள வயல் காணி மட்டும்தான். அதை விற்கவோ பங்கு பிரிக்கவோ அவருடைய மரணச் சான்றிதழ் தேவை. “உம்மா, உணர்ச்சிய ஒரு பக்கம் வெச்சிட்டு அறிவால யோசிங்க” என்கிறாராம் மூத்த மகன். உம்மாவின் கேள்வியை அவருடைய சொல்லிலேயே தருகிறேன்: “அந்தப் பேப்பர்ல கையொப்பம் வெச்சா நானே அவர மவுத்தாக்கின மாதிரி ஆகாதா டீச்சர்? அறிவு உள்ளவள் என்ன செய்வாள்?”

இந்தக் கடிதத்தை மூன்று நாள் மேசையில் வைத்திருந்து யோசித்தேன். ஓய்வு பெற்ற பின் இந்தப் பன்னிரண்டு வருடத்தில் எத்தனையோ பெண்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். ‘காணாமற்போன திகதி’ என்ற இடத்தில் பேனை வைக்கும்போது எதிரே இருப்பவரின் முகம் மாறுவதைப் பார்த்துப் பழகிவிட்டேன். ஆனால் இவ்வளவு நேராக யாரும் என்னைக் கேட்டதில்லை.

முதலில் மகனுக்கு ஒரு வார்த்தை. உணர்ச்சியை ஒரு பக்கம் வைத்துவிட்டு யோசிப்பது என்பது சொல்ல இலேசாக இருக்கும். பெண் புத்தி பின் புத்தி என்ற பழமொழியைச் சொல்லி வளர்ந்த எங்கள் ஆண்களுக்கு, அழுகிறவள் யோசிக்க மாட்டாள் என்ற எண்ணம் இரத்தத்தில் ஊறியிருக்கிறது. அமெரிக்காவில் மூளை நோய்களை ஆராய்ந்த அந்தோனியோ டமாசியோ என்ற மருத்துவர் இதற்கு நேர் எதிரான ஒன்றைக் கண்டு 1994 இல் ஒரு நூலில் எழுதினார். மூளையின் முன்பக்கத்தில் ஓரிடம் பழுதாகிப்போன நோயாளிகளை அவர் பார்த்தார். அவர்களுடைய கணக்கு, ஞாபகம், பேச்சு எல்லாம் சரியாக இருந்தன. புத்திப் பரீட்சையிலும் குறைவில்லை. ஆனால் உணர்ச்சி மங்கிவிட்டது. அவர்களில் ஒருவரிடம் அடுத்த முறை வருவதற்கு இரண்டு திகதிகளைச் சொல்லி எது வசதி என்று கேட்டாராம். அந்த மனிதர் டயறியைத் திறந்து இந்த நாளுக்கு இன்ன காரணம், அந்த நாளுக்கு இன்ன காரணம் என்று ஏறக்குறைய அரை மணித்தியாலம் அலசினார். முடிவு வரவில்லை. மருத்துவர் ஒரு நாளைச் சொன்னதும் சரி என்று டயறியை மூடிவிட்டுப் போய்விட்டார்.

எது எனக்குப் பெரிது, எது சிறிது என்பதை அறிவு தானாகக் கண்டுபிடிப்பதில்லை. அதை மனசு சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே மகனே, உங்கள் உம்மா கண்ணீருடன் யோசிப்பதால் அவருடைய யோசனை பழுது என்று ஆகிவிடாது. பேத்திக்கு வீடு வேண்டும் என்று நீங்கள் துடிப்பதும் ஓர் உணர்ச்சிதானே? அதற்கு மட்டும் அறிவு என்று பெயர் வைத்துக்கொண்டீர்கள்.

இனிச் சகோதரிக்கு.

நபி யஃகூப் (அலை) அவர்களின் சரித்திரத்தைச் சிறு வயதில் மத்ரஸாவில் ஓதியிருப்பீர்கள். பிள்ளை யூசுப் காணாமற்போனார். மையித்து வரவில்லை, இரத்தம் தோய்ந்த சட்டைதான் வந்தது. காணாமற்போனவரைப் பெற்றவர்களின் கதை அதைவிட நெருக்கமாக வேறு எங்கும் சொல்லப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. பொறுமையைப் பேசியவர் அவர்தான். கண் வெளுத்துப் பார்வை போகுமட்டும் துக்கப்பட்டவரும் அவர்தான். ஈமான் உள்ளவர் அழக்கூடாது என்று சொல்லிக்கொண்டு வருகிற அண்டை வீட்டார் இதை ஒரு முறை நினைக்க வேண்டும். எனக்கு அதில் பிடித்த இடம் வேறொன்று. அந்தத் துக்கத்துக்குள்ளேயே பஞ்ச காலத்தில் மற்றப் பிள்ளைகளை எகிப்துக்குத் தானியம் வாங்க அனுப்புகிறார். எல்லோரும் ஒரே வாசலால் நுழையாதீர்கள், வெவ்வேறு வாசல்களால் போங்கள் என்று புத்தி சொல்லி அனுப்புகிறார். தேடிப் பார்க்கவும் சொல்கிறார். வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்ற யோசனையும் பிள்ளை வருவான் என்ற ஆசையும் ஒரே தகப்பனிடம் இருந்தன. ஆசை இருப்பதற்காகத் தானியம் வாங்காமல் அவர் இருக்கவில்லை.

எங்களில் பலருக்குத் தெரியாத இன்னொரு பெயர் அபூ ஸைத் அல்பல்கீ. இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பல்க் நகரைச் சேர்ந்தவர், 934 ஆம் ஆண்டில் காலமானவர். உடம்புக்கும் ஆன்மாவுக்கும் சேர்த்து ஒரு மருத்துவ நூல் எழுதினார். அதில் மனசைப் பற்றிய பகுதியில் கோபம், பயம், துக்கம், விடாமல் அரிக்கும் வஸ்வாஸ் எண்ணங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறார். ஆயிரம் வருடத்துக்கு மேலாகிவிட்ட நூல். காரணம் தெரிந்த துக்கம் வேறு, காரணம் தெரியாமல் வந்து அமுக்கும் துக்கம் வேறு என்று அவர் பிரித்ததை இன்றைய மனநல வைத்தியர்கள் வியந்து பேசுகிறார்கள். அவர் சொன்ன வைத்தியத்தில் ஒன்று எங்கள் வீடுகளுக்கு மிகவும் பொருத்தமானது. வீட்டில் காய்ச்சல் வருவதற்கு முன்பே மருந்தை வாங்கி வைத்திருப்பதைப் போல, மனம் அமைதியாக இருக்கும் நாளில் நல்ல எண்ணங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும், கலங்கிய நாளில் அவற்றை எடுத்துப் பாவிக்கலாம் என்பது அவருடைய கருத்து.

நான் இதைப் படிவ விடயத்தில் பயன்படுத்தி வருகிறேன். யாராவது அழுதுகொண்டு வந்தால் அன்று கையொப்பம் வாங்க மாட்டேன். கோபத்துடன் வந்தாலும் அப்படித்தான். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள், புதன்கிழமை வாங்கோ என்பேன். சில மகன்மாருக்கு என் மேல் ஆத்திரம். கச்சேரிக்கு இன்றே கொடுக்க வேண்டும் டீச்சர் என்பார்கள். முப்பது வருடம் காத்திருந்த பேப்பர் புதன்கிழமை மட்டும் காத்திருக்காதா?

ஆனால் அல்பல்கீ எழுதிய துக்கங்களில் இந்தச் சகோதரியின் துக்கம் முழுமையாக அடங்காது. காரணம் தெரியும் என்றும் சொல்ல முடியாது, தெரியாது என்றும் சொல்ல முடியாது. போலின் பாஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியை 1970களில் வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் மனைவிமாருடன் வேலை செய்தார். முடிவு தெரியாத இழப்பு என்ற கருத்தை அவர்தான் ஆராய்ந்து வகுத்தார், 1999 இல் அதற்கென்று ஒரு நூலும் எழுதினார். மையித்து உண்டு, கபுறு உண்டு, இத்தா உண்டு என்றால் துக்கத்துக்கு ஒரு பாதை இருக்கிறது. இவை எதுவும் இல்லாதபோது மனசு நின்ற இடத்திலேயே நிற்கிறது. அது அந்தப் பெண்ணின் பலவீனம் அல்ல, அந்த இழப்பின் தன்மையே அப்படி என்கிறார் அவர். ஒரு முடிவுக்கு வா, மறந்துவிடு என்று நெருக்குவதால் பயனில்லை என்றும் சொல்கிறார். அவர் வரக்கூடும், வராமலும் போகலாம் என்ற இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு வாழப் பழகலாம் என்பதே அவர் காட்டும் வழி.

இதைப் படித்தபோது எனக்கு என் உம்மா நினைவுக்கு வந்தார். என் தம்பியும் 1990 இல் போனவன்தான். உம்மா ஒவ்வொரு நோன்புப் பெருநாளைக்கும் அவனுக்கு ஒரு மருதமுனைச் சாரன் வாங்குவார். பெருநாள் இரவு வரை அது அலுமாரியில் இருக்கும். மறுநாள் யாராவது ஓர் ஏழைப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவார். “வந்தா அவன் உடுக்கட்டும், வராட்டி ஒரு ஏழப் புள்ள உடுக்கட்டும்” என்பதுதான் அவருடைய பேச்சு. எழுத்து வாசனை அறியாத பொம்புளை. போலின் பாஸின் நூலை அவர் கண்டாரா? 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்து தம்பியின் பழைய உடுப்பு, பள்ளிக்கூடக் கொப்பி எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டது. அடுத்த பெருநாளைக்கு முகாமில் இருந்துகொண்டும் உம்மா சாரன் வாங்கினார்.

சுனாமியைச் சொன்னேன். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின, நாட்டிலேயே ஆகக்கூடுதலான இழப்பு எங்கள் கரையில்தான். அவசர அவசரமாக அடக்கினார்கள். பிள்ளையின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காத தாய்மார் சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் பாண்டிருப்பிலும் காரைதீவிலும் இன்றும் இருக்கிறார்கள். ஆகவே இந்தக் கடிதம் யுத்தத்தில் இழந்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல.

சரி, பேப்பர் விடயம். இங்கேதான் அறிவு தன் வேலையைச் செய்ய வேண்டும்.

யுத்தத்தால் காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் பெற 2010 ஆம் ஆண்டு ஒரு தற்காலிகச் சட்டம் வந்தது. அப்போது இருந்தது அந்த ஒரு வழிதான். உதவி வேண்டுமா, மௌத்து என்று ஒப்புக்கொள் என்பது போல இருந்தது அது. பல பெண்கள் மறுத்தார்கள். அந்த மறுப்பைப் படிக்காதவர்களின் பிடிவாதம் என்று சில அதிகாரிகள் பேசினார்கள். ஓர் அலுவலகத்தில் என் காதாலேயே கேட்டேன். ஆனால் அந்தப் பிடிவாதம் நாட்டின் சட்டத்தையே மாற்ற உதவியது. 2016 இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, இறந்தார் என்று சொல்லாமல் காணவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்று கொண்டுவரப்பட்டது. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டமும் அதே 2016 இல் நிறைவேறி, 2018 இல் அந்த அலுவலகம் வேலை தொடங்கியது. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவிடம் இலங்கையில் காணாமற்போனோர் என்று பதிவாகியிருந்தவர்கள் 16 ஆயிரத்துக்கும் அதிகம். பெண்களின் மனசு ஒப்பாத ஒன்றைச் சட்டமும் கடைசியில் ஒப்புக்கொண்டது என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன்.

இந்தச் சகோதரியின் தேவைக்கு எது பொருந்தும்? நலன்புரி உதவிகளுக்கும், காணாமற்போனவரின் சொத்தைப் பராமரிக்க வழி தேடுவதற்கும் அந்தக் காணாமைச் சான்றிதழ் உதவும். ஆனால் அது மரணத்தைச் சொல்லாத பத்திரம். ஆகவே காணியை வாரிசுப் பங்காகப் பிரிப்பதற்கு அது போதாது. அதற்கு மரணச் சான்றிதழ்தான் வேண்டும். இரண்டும் இரண்டு வேலைக்கானவை என்பதை முதலில் மனதில் எடுங்கள்.

“நானே மவுத்தாக்கின மாதிரி” என்ற அந்தச் சொல்லுக்கு வருகிறேன். காணாமற்போன கணவனுக்காக மனைவி நான்கு வருடம் காத்திருந்து, அதன் பின் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்கலாம் என்று உமர் (ரழி) அவர்கள் தீர்ப்பளித்ததாக எங்கள் மார்க்க நூல்களில் வருகிறது. மரணம் உறுதியாகும் வரை காத்திருக்க வேண்டும் என்று சொன்ன இமாம்களும் இருக்கிறார்கள். அந்த வேறுபாட்டுக்குள் நான் போகவில்லை, ஆலிம்களிடம் கேளுங்கள். நான் கவனித்தது வேறு. தவணை வைத்தவர்கள் அந்தக் கணவன் நிச்சயமாக மௌத்தாகிவிட்டான் என்று சொல்லவில்லை. பிறகு அவன் திரும்பி வந்தால் என்ன செய்வது என்றும் அந்த நூல்களிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தீர்ப்பு உயிரோடு இருப்பவளுக்காகச் சொல்லப்பட்டது. உங்கள் கையொப்பமும் அப்படித்தான் தங்கச்சி. அது கச்சேரிக்குப் போகிற பேப்பர். அவருடைய உயிர் அல்லாஹ்வின் அறிவில் இருக்கிறது, பதிவாளரின் புத்தகத்தில் இல்லை.

இதைச் சொல்லிவிட்டு உடனே கையொப்பம் வையுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வைப்பதற்கு முன் அறிவு சில கேள்விகளைக் கேட்க வேண்டும். அழுகைச் சத்தத்தில் இந்தக் கேள்விகளை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மரணம் பதிவானால் 1931 ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டப்படி காணி பங்காகும். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதியில் மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒன்று. கணவர் உங்களுக்குத் தர வேண்டிய மஹர் பாக்கி இருந்தால் அது கடன், பங்குக்கு முன்னால் கழிக்கப்பட வேண்டியது. இதையெல்லாம் உங்கள் மகன் சொன்னாரா? காணியை விற்ற காசு பேத்தியின் வீட்டுக்குத்தான் போகும் என்று மற்ற மகனும் வாயால் அல்ல, எழுத்தால் சொல்வாரா? கட்டப்போகும் வீட்டின் உறுதி யாருடைய பெயரில் எழுதப்படும்?

கடைசிக் கேள்வியை வேண்டுமென்றே கேட்கிறேன். சுனாமிக்குப் பிறகு என்ன நடந்தது என்பது நினைவிருக்கும். எங்கள் கரையில் வீடு பெண்ணுடையது, தாய் வழியாக மகளுக்கு வருவது. ஆனால் புதிதாக வீடு கொடுக்க வந்தவர்கள் குடும்பத் தலைவர் யார் என்று கேட்டு, பல இடங்களில் ஆணின் பெயரில் எழுதிவிட்டார்கள். அந்த நேரத்தில் பிள்ளையை இழந்து நின்ற பெண்ணுக்கு உறுதியில் யார் பெயர் என்று பார்க்கும் மனநிலை இல்லை. வீடு கிடைத்ததே என்று வாங்கிக்கொண்டார்கள். பின்னர் குடும்பத்துக்குள் தகராறு வந்தபோதுதான் சீதனமாகத் தன்னிடம் இருந்த வளவுக்குப் பதிலாகத் தனக்கு எதுவும் இல்லை என்று சிலர் கண்டார்கள். துக்கம் கண்ணை மறைக்கும் நேரத்தில் பக்கத்தில் ஒரு நம்பிக்கையான ஆளை வைத்துக்கொள்வதும் அறிவின் ஒரு வேலைதான். சட்ட உதவி ஆணைக்குழுவில் வசதி இல்லாதவர்களுக்கு இலவசமாக ஆலோசனை தருவார்கள்.

கடிதத்தின் நாலாம் பக்கத்தில், ஓரத்தில், பேனை மாறி எழுதிய இரண்டு வரி இருந்தது. பேத்தியின் பெண் பார்க்கும் நாளில் தான் வாய்விட்டுச் சிரித்துவிட்டதாகவும், இரவில் அதை நினைத்துத் தூக்கம் வரவில்லை என்றும் எழுதியிருக்கிறார். உண்மையில் அவருடைய கேள்வி காணியைப் பற்றியது அல்ல, இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தங்கச்சி, முப்பது வருடத்துக்கு மேலாகத் தறியில் இருந்திருக்கிறீர்கள். பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டுவிட்டுத் தொடர்கிறவர் நீங்கள். நல்லதொரு கரை விழுந்தால் அன்று முழுக்க மனசு நிறைந்திருக்கும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த நிறைவை நீங்கள் யாரிடமும் களவெடுக்கவில்லை. அவர் இருந்திருந்தால் பேத்தியின் காரியத்தில் உங்களைவிடச் சத்தமாகச் சிரித்திருப்பார் என்று அதே கடிதத்தின் முதல் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். திருப்பிப் பாருங்கள்.

தூக்கம் இல்லாத இரவுகள் தொடர்ந்து வருமானால் அதைப் பொறுமை என்று சொல்லிச் சுமக்க வேண்டாம். ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், யாரும் பார்த்துவிடுவார்கள் என்று கூச வேண்டாம். வீட்டை விட்டு வெளியே போக முடியாதவர்கள் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் பேசலாம். இது இந்தச் சகோதரிக்கு மட்டும் எழுதியதல்ல.

மகனுக்கும் ஒன்று. மரணச் சான்றிதழுக்கான படிவத்தை உம்மாவின் முன்னால் வைப்பதற்கு முன், அவரை ஒரு நாள் உட்கார வைத்து வாப்பாவைப் பற்றிக் கேளுங்கள். எப்படிப் பேசுவார், என்ன சாப்பாடு பிடிக்கும், அந்தக் காலையில் என்ன உடுத்திப் போனார் என்று கேளுங்கள். அப்போது உங்களுக்கு எத்தனை வயது? மூன்றா, நாலா? உங்களுக்கே தெரியாத தகப்பன் அவர். அதற்குப் பிறகு படிவத்தைப் பேசலாம். உம்மா விரும்பினால் காணாமைச் சான்றிதழை முதலில் எடுத்துவிட்டு, காணி விடயத்தை ஒரு சட்டத்தரணியிடம் கேட்டு ஆறுதலாகச் செய்யலாம். அவசரமான கலியாணம் என்றால் மாப்பிள்ளை வீட்டாரிடம் ஆறு மாதத் தவணை கேட்பதில் மானம் போய்விடாது. தவணை தராத வீட்டில் பேத்தியைக் கொடுப்பதைப் பற்றியும் அப்போது யோசிக்கலாம்.

கிராம சேவகரின் கடிதம், அடையாள அட்டைப் பிரதி, அந்தக் காலத்தில் பொலிஸிலோ செஞ்சிலுவையிலோ கொடுத்த முறைப்பாட்டின் துண்டு, கணவரின் பிறப்புச் சாட்சிப் பத்திரம், விவாகப் பதிவு ஆகியவற்றை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். முறைப்பாட்டுத் துண்டைக் கடல் கொண்டுபோயிருந்தால் அதையும் எழுதுங்கள்.

அடுத்த மாதம் நிந்தவூர்ச் சகோதரி கேட்ட கிழமைக் கடன் விடயத்தைப் பார்ப்போம்.